கம்ப்யூட்டர் சொன்னது

"எங்கே அந்தக் கம்ப்யூட்டர்க்காரி? வரச் சொல்லு அவளை!"

வெர்னன் கூபியாக் போட்ட சத்தத்தில் ஸ்டேடியத்தின் பின்வாசல் காவலர் கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டார்.

கோபம் வராதா பின்னே? எங்கள் சாண்டஸ்கி ஊரின் ஹெரான்ஸ் அணிக்குப் பந்து வீசும் ட்ராய், அவர் பெற்ற பிள்ளை. இன்று எட்டு இன்னிங்ஸ் வீசி, எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. கடைசி இன்னிங்ஸையும் அப்படியே முடித்திருந்தால் 'நோ-ஹிட்டர்'. பேஸ்பாலில் பந்து வீசுகிறவனுக்கு வாழ்நாளில் ஒரு தடவை வாய்த்தாலே பாக்கியம்.

ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்த நேரம் பார்த்து, ஆட்டத்தை நடத்தும் மேனேஜர் ட்ராயை உட்கார வைத்துவிட்டு வேறொருவனை இறக்கினார். வந்தவன் போட்ட முதல் பந்திலேயே எதிரணி ஹிட் அடித்துவிட்டது. எல்லாம் போச்சு.

"கம்ப்யூட்டர் சொல்லுச்சு, மாத்திட்டேன்" என்று நிருபர்களிடம் மேனேஜர் கையை விரித்துவிட்டார்.

ஒரு பந்தைக்கூடத் தூக்கிப் போடத் தெரியாத பெட்டி, ஊரே கொண்டாடுகிற பிள்ளையை உட்காரச் சொல்லுமாம். இவர்களும் தலையாட்டுவார்களாம். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

மேரன் வெளியே வந்தாள். அணியின் புள்ளிவிவர மென்பொருள் அவள் பொறுப்பு. யாரோ அவள் மேல் வீசிய பியர் சட்டையில் இன்னும் காயவில்லை.

"என் பையனை எடுக்கச் சொன்னது உன் மெஷின்தானா?"

"ஆமா சார். களைச்சுட்டார்னு சிவப்பு காட்டுச்சு. மேனேஜர்கிட்ட சொன்னேன்."

வெர்னன் தன் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். ரசிகர்களுக்கென்று அதே மென்பொருள் கம்பெனி விட்டிருக்கும் ஆப். ட்ராயின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை.

"இது என்ன கலரு? எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

"ரசிகர்கள் ஆப்ல எல்லா விவரமும் வராது சார். எங்களுக்கு வர்றது வேற."

"யாருக்குக் காது குத்துற? அது கெடக்கட்டும். நோ-ஹிட்டர் ஓடிட்டிருக்கும்போது பந்து போடுற பிட்ச்சர்கிட்ட யாரும் பேசக்கூடாது, ராசி போயிடும்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். டீமே அவனை விட்டு ஒதுங்கி உட்கார்ந்திருக்கு. நீ மட்டும் போய்ப் பக்கத்துல உட்கார்ந்து பேசுற! டிவியில ஊரே பார்த்துச்சு!"

மேரன் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் மில் டீம்ல ஆடுறப்போ விரல் உடைஞ்சும் ஆட்டத்தை முடிச்சுட்டுத்தான் வெளிய வந்தேன். வலிக்குதுங்கிறவன் பந்தையே தொடக்கூடாதுன்னு சொல்லி வளர்த்த புள்ளம்மா அவன். உனக்கு அவன் மனுஷனாத் தெரியுறானா, வெறும் நம்பராத் தெரியுறானா?"

"தப்பு என்னோடதுதான் சார். என்னைத் திட்டிக்கோங்க."

"திட்டாம, கொஞ்சுவாங்களா? என் புள்ள பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டியே, நீ நல்லா இருப்பியா?"

சுற்றி நின்ற கூட்டம் கைதட்டியது. அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் ட்ராய் வந்து வண்டியில் ஏறினான்.

"வச்சு வாங்கிட்டேன்டா அந்த மேரனை. பதில் பேச வாய் வரணுமே!"

ட்ராய் இடது கையால் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினான். வலது கை மடியிலேயே கிடந்தது.

"அவங்களை ஏம்பா திட்டினீங்க? அவங்க கம்ப்யூட்டர்லயும் பச்சைதான் இருந்துச்சு."

சாவியைத் திருகப்போன வெர்னனின் கை நின்றது.

"என்னடா உளர்ற? பச்சைன்னா எதுக்கு உன்னை எடுக்கணும்?"

"நான்தான் எடுக்கச் சொன்னேன். ஆறாவது இன்னிங்ஸ்லேர்ந்து விரல்ல உணர்ச்சியே இல்லப்பா. எட்டாவது இன்னிங்ஸ்ல ஒரு பந்து, எதிர்ல பேட் பிடிச்சு நின்ன பையன் தலையை உரசுற மாதிரி போச்சே, பார்த்தீங்களா?"

"பார்த்தேன். நீ வேணும்னே மிரட்டுறன்னு நெனச்சேன்."

"மிரட்டல. பந்து நழுவிடுச்சு. இன்னொண்ணு போட்டா யாரையாவது கொன்னுடுவேனோன்னு பயந்துட்டேன். அவங்ககிட்ட அழுதுட்டேன்பா. ஊர் என்னைக் கோழைன்னு சொல்லும், எங்கப்பாவுக்குத் தெரியவே கூடாதுன்னு கெஞ்சினேன். 'பழியைக் கம்ப்யூட்டர் மேல போட்டுடலாம், நீங்க முதல்ல டாக்டரைப் பாருங்க'ன்னாங்க. மேனேஜரும் சரின்னுட்டார்."

வெர்னனுக்கு முகம் சிவந்தது. இப்போது கோபம் மகன் மேல்.

"பெத்த அப்பன் குத்துக்கல்லாட்டம் இங்க உட்கார்ந்திருக்கேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணல. எவளோ ஒருத்திகிட்டப் போய் அழுவியா?"

ட்ராய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"'மெஷின் பச்சைங்குது, ஆனா உங்க முகம் சரியில்லையே, கை வலிக்குதா?'ன்னு அவங்கதாம்பா கேட்டாங்க. நீங்க இத்தனை வருஷமா பந்து ஸ்பீடு எவ்வளவுன்னு மட்டும்தானே கேட்டிருக்கீங்க?"