இடது கை சிவந்தது

இடது முன்கையில், சலூனில் கேட்டு வாங்கி வந்த, தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே. வலது முன்கையில் மனைவியின் கண்டிஷனர்.

இரண்டு புட்டியின் முதுகிலும் பொடி எழுத்தில் ஆல்கஹால் என்று போட்டிருந்தது. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குளியலறை வாசலில் முக்காலி போட்டு, இரண்டு கைகளையும் நீட்டியபடி உட்கார்ந்திருந்தேன்.

“காலங்காத்தால என்ன கூத்து இது?” என்றாள் மனைவி, கையில் காபியோடு.

ஆராய்ச்சி என்றேன். சிரிப்பாள் என்று பார்த்தால் சிரிக்கவில்லை.

நேற்று சலூனில் நடந்தது அவளுக்குத் தெரியும். வெட்டி முடித்ததும் முடி படிந்து நிற்க அந்த ஸ்பிரேயை வழக்கத்தைவிடத் தாராளமாக அடித்தார் சலூன்காரர். சற்று நேரத்தில் முகம் மிளகாய்ப் பழமாகிவிட்டது. நெஞ்சு படபடத்தது, மூச்சு வாங்கியது. அந்த நேரம் பார்த்துத்தானா மனைவியின் அண்ணன் உள்ளே வர வேண்டும்?

சிவந்த முகம், கூடவே ஸ்பிரிட் வாடை. போதாதா!

நான் வீடு வந்து சேருமுன் செய்தி வந்து சேர்ந்திருந்தது. மாப்பிள்ளை மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்.

சத்தியமாக ஆரம்பிக்கவில்லை. போன வருஷம் குடியை விட்டது விட்டதுதான். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. மன உறுதி என்றால் என்ன என்று சொந்தக்காரர் வீடுகளில் உட்கார்ந்து உபதேசம் பண்ணியிருக்கிறேன். அந்த மானம் ஒரு ஸ்பிரே புட்டியால் போவதா?

மனைவி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் குடித்திருக்க மாட்டார் என்று அண்ணனிடம் அடித்துச் சொல்லிவிட்டாள். என் மேல் அவ்வளவு நம்பிக்கையா என்று நேற்று உருகிப்போனேன்.

இடது கையில் அடித்தது சில்லென்று ஒரு குளிர்ச்சி காட்டிவிட்டுப் பறந்துவிட்டது. வலது கையில் தடவியது வெள்ளையாக, வழவழவென்று அப்படியே இருந்தது. பெயிண்ட் கடையில் வேலை பார்ப்பவனுக்கு இது புரியாதா? முதலாவது பெயிண்டில் கலக்கிற தின்னர் மாதிரி. சீக்கிரம் காயும், முடியையும் காயவைக்கும். இரண்டாவது எண்ணெயிலிருந்து எடுக்கிற மெழுகு மாதிரியான சரக்கு. முடியோடு ஒட்டி மெதுவாக்கும். ஒரே பெயர், குணம் வேறு. ஒரு வீட்டு அண்ணன் தம்பி இருப்பதில்லையா, அப்படி.

“நீ தினம் தலைக்குப் போடுறது வெறும் மெழுகும்மா, கிக்கே ஏறாது,” என்றேன். அதற்கும் சிரிக்கவில்லை.

இடது கை சிவக்கத் தொடங்கியது. வலது கையில் ஒன்றுமில்லை.

ஆக, குற்றவாளி ஸ்பிரிட். ஆனால் ஆராய்ச்சி அங்கே முடியவில்லை. அதே சலூன், அதே ஸ்பிரே, எத்தனையோ வருஷமாக. குடித்த காலத்தில் வயிறு முட்ட உள்ளே போனது. அப்போதுகூட ஒரு முறையும் இப்படிச் சிவந்ததில்லை. இப்போது தோலில் பட்டதற்கே பற்றிக்கொண்டு எரிகிறது. ஸ்பிரே மாறவில்லை. அப்படியானால் மாறியது நான்.

எழுந்து கையைக் கழுவினேன். காபியை வாங்கினேன்.

அவள் என் கையைப் பார்க்கவில்லை. கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளிடம் ஒன்றைச் சொல்லவில்லை. நேற்று சலூனிலிருந்து நேராக வீட்டுக்கு வராமல் மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததும், குடியை மறக்கடிக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். அது உடம்பில் இருந்தால் வெளியே படுகிற ஸ்பிரிட்டே சிலருக்குப் போதுமாம். எனக்கெதற்கு அதெல்லாம், என்னுடையது மன உறுதி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. இத்தனை நாள் நான் மார்தட்டியதையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதானே இருந்தாள்!

பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். நேற்று நான் மூச்சு வாங்கியதைக் கேட்டதிலிருந்து அவள் தூங்கவே இல்லை போலிருந்தது.

காபியை அடிவரை குடித்தேன். வழக்கம்போல அடியில் கரையாத வெள்ளைத் தூள் கொஞ்சம் நின்றது. பால் பவுடர் என்று சொல்லியிருந்தாள். விரலால் வழித்து அதையும் நாக்கில் வைத்துக்கொண்டேன்.

“நாளைலேர்ந்து பொடிக்க வேணாம்,” என்றேன். “முழுசாவே குடு.”