பிரிண்டருக்கும் ஒன்று

ராயபுரத்து பனியன் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில், கட்டுப்போட்ட வலது கையை மார்போடு அணைத்தபடி நிற்கிறாள் ராமுத்தாய். இஸ்திரி மேசைக்கு மேலே இங்கிலீஷில் தொங்கிய எச்சரிக்கை புரியாமல், போன வாரம் நீராவிக் குழாயைப் பிடித்துவிட்டாள். ஜன்னல் வெயிலில் பஞ்சுத்தூசி மிதக்கிறது. அதைத் தமிழில் அச்சடிக்கச் சொன்னால், பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டு எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்களாகக் கக்குகிறது. "கரண்டு போய் வந்துச்சுல்லீங்க்கா, தமிழ மறந்துருச்சு. மறுக்கா ஊட்டோணும்," என்று ஆபரேட்டர் கன்னையன் பிளாப்பியைச் செருகி, தமிழ் எழுத்துகளை மறுபடி பிரிண்டருக்குள் இறக்குகிறான். விளக்கு ஒருதரம் மங்கி நிமிர்கிறது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். பிரிண்டரின் அச்சு ஊசிகள் கரகரக்க, தாள் வரிவரியாக மேலேறி வருகிறது. "சூ...டு. தொ...டா...தீர்." எழுத்துக்கூட்டி வாசித்ததும் அவளுக்குக் கண் கலங்குகிறது. "நீங்க நல்லா இருக்கணும் தம்பி. இனி ஒருத்தி கையும் வேகாது." சொல்லிவிட்டு, சாமியைத் தொடுவதுபோல், திறந்து கிடக்கும் பிரிண்டரின் அச்சுத்தலையை இடது கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றப் போனவள், வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறாள். "ஆத்தாடி, இதுவும்ல சுடுது!" கன்னையன் சிரித்துக்கொண்டே, பிரிண்டர் மேல் ஒட்டுவதற்கு இன்னொரு தாள் அச்சடிக்கிறான்.