இன்னும் ஒரு ஜெபம்

"விசுவாசம் வேணும்டா. இந்தக் கட்டில், அந்த டாக்டர், அவர் கையில இருக்கிற கத்தி, எல்லாமே ஆண்டவரோட அதிகாரத்துக்குக் கீழதான்" என்றார் போதகர். இரண்டு கட்டில் போட்ட ஆஸ்பத்திரி அறை. மைக் இல்லாத குறையைத் தொண்டையால் தீர்த்துக்கொண்டிருந்தார்.

கட்டிலில் படுத்திருந்தது அவருடைய கூடப்பிறந்த தம்பி. இரண்டு வருஷமாக மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்து செய்து ஆளே வற்றிப்போயிருந்தான். இன்று ஆபரேஷன். இனித் தள்ளிப்போட்டால் உடம்பு தாங்காது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

கால்மாட்டில் ஸ்டூலில் தம்பியின் மனைவி. அழுவதற்குக்கூட அவளிடம் தெம்பு மிச்சமில்லை.

விடிந்ததிலிருந்து போதகர் தம்பியை விடவில்லை. பைபிளைத் திறந்து சிங்கக் குகைக்குள் தள்ளினார். எரிகிற சூளையில் இறக்கினார். புயலில் படகேற்றினார். ஒவ்வொன்றிலிருந்தும் தம்பி பத்திரமாகத்தான் திரும்பினான். போனதைவிடக் களைத்துத் திரும்பினான், அவ்வளவுதான்.

"பயமா இருக்காடா?"

"இல்லண்ணே. தூக்கம்தான் வருது."

"மறைக்காத. கொஞ்சம்கூடவா இல்ல?"

"அவர் பாத்துக்குவார்ணே. நீ கொஞ்ச நேரம் உக்காரு."

போதகர் உட்காரவில்லை. சபையில் பிரசங்கம் நீண்டால் பின்வரிசைக்காரர்கள் மெல்லச் செருப்பைத் தேடத் தொடங்குவார்கள். இங்கே கேட்பவனுக்கு எழுந்து போக வழியில்லை.

தொண்டை கட்டிக்கொண்டது. மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலுக்குக் கையை நீட்டினார். தம்பி மனைவி அதை எடுத்து ஜன்னலோரம் தள்ளி வைத்தாள்.

"இப்ப வேணாம் அத்தான்."

"ஒரு வாய்ம்மா."

"ஒரு சொட்டு கூட வேணாம்."

பார்ப்பவர்கள் அவளைக் கல்நெஞ்சக்காரி என்றுதான் நினைத்திருப்பார்கள். போதகர் எச்சிலை விழுங்கிக்கொண்டு, சால்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "பாஸ்டர், நேரமாச்சு. ஸ்ட்ரெச்சர் வாசல்ல நிக்குது."

"ஒரே ஒரு சின்ன ஜெபம், சிஸ்டர்."

கண்ணை மூடினார். டாக்டருக்காக ஜெபித்தார். மயக்க மருந்து கொடுப்பவருக்காக ஜெபித்தார். லிஃப்டுக்கும் ஜெனரேட்டருக்கும் தனித்தனியாக ஜெபித்தார். பரலோகத்துக்கு ஆஸ்பத்திரியின் வயரிங்வரை விளங்கியிருக்கும்.

நர்ஸ் மறுபடி வந்தாள். "பாஸ்டர், ஆமென் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் ஒண்ணே ஒண்ணு."

"இதையேதான் முன்னாடி வந்தப்பவும் சொன்னீங்க. இதுக்குமேல லேட்டானா தியேட்டரை வேற கேஸுக்குக் குடுத்துடுவாங்க. அப்புறம் என்னைக்குக் கிடைக்கும்னு எனக்கே தெரியாது."

தம்பி மனைவி எழுந்தாள். குரலில் கோபமில்லை. கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டுமே. "போதும் அத்தான். ஆண்டவருக்கு எல்லாம் கேட்டிருக்கும்."

போதகர் கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. தம்பியின் தலைமேல் வைத்திருந்த கையையும் எடுக்கவில்லை.

தம்பி அந்தக் கையை மெல்ல எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டான். வேர்த்துச் சில்லிட்டிருந்தது. பிரசங்கம் ஓய்ந்த அறையில் அவன் குரல் இப்போதுதான் முழுசாகக் கேட்டது.

"நீ வீட்டுக்குப் போண்ணே. உன் கிட்னி இல்லாட்டியும் எனக்கு ஆண்டவர் இருக்கார்."