கீரை வண்டி நிற்கும் தெரு

எழும்பூரைத் தள்ளினாள்.

விரலோடு சென்னையும் தள்ளிப் போனது.

மதியச் சோற்றுக்குப் பிறகான மயக்கம். தென்காசி வெயில் ஜன்னலுக்கு வெளியே கிடந்தது. அவள் தரையில் தலையணை போட்டு, செல்போனை முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு, பேட்டை பேட்டையாக மனசுக்குள்ளேயே தங்கிப் பார்த்தாள்.

திருவல்லிக்கேணியில் மொட்டைமாடியை ஒட்டிய அறை. கடற்காற்று முடியைக் கலைத்தது. கொஞ்ச நேரம் சுகமாக இருந்தது. மாம்பலத்தில் கட்டில் முழுக்கப் புதுப் புடவைகளைப் பரப்பினாள். மயிலாப்பூரில் குளத்தங்கரையில் பூ வாங்கி வைத்துக்கொண்டாள். எதிலும் மனசு ஒட்டவில்லை.

விரல் தானாக அயனாவரத்துக்குப் போனது.

"கல்யாணம் வடபழனியில. அயனாவரத்துல போயி யாராவது ரூம் போடுவாவளாட்டி?" என்றார் அவள் கணவர் தணிகாசலம். அவருடைய சிநேகிதர் வீட்டுக் கல்யாணம்.

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். காரணம் அவருக்கும் தெரியும். தெரியாதவரைப்போல் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

அயனாவரத்தில் அக்கா இருக்கிறாள்.

கூடப் பிறந்தவள் இருக்கிற ஊரில் லாட்ஜில் தங்குவது அவர்கள் குடும்பத்தில் முகத்தில் அடிக்கிற காரியம். தெரிந்தால் மங்கை அக்கா கொதித்துப்போவாள். தெருவென்றும் பாராமல் திட்டுவாள்.

அவளுக்கு அந்தத் திட்டுதான் வேண்டும்.

வருஷக்கணக்காகப் பேச்சு இல்லை. அக்கா தன் மகள் கல்யாணப் பத்திரிகையைப் போனில் அனுப்பிவிட்டாள். நேரில் வந்து, குங்குமம் கொடுத்து, தாம்பாளத்தில் வைத்துத் தரவில்லை. எனக்கே போனிலா என்று இவள் போகவில்லை. அன்றைக்கு அக்கா எத்தனை தரம் மண்டப வாசலைப் பார்த்தாளோ. அதற்காக, கூப்பிடாத வீட்டுக்குப் பெட்டியோடு போய் நிற்க முடியுமா? வீம்புக்கு எந்தக் கடையில் மருந்து விற்கிறது?

செல்போன் வரைபடத்தில் தெருவுக்குள்ளேயே இறங்கி நடக்கலாம் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித் தந்திருந்தாள். அம்புக்குறியைத் தொடத் தொட, வீடுகள் பின்னால் போயின.

முருங்கை மரம். இஸ்திரி வண்டி. அக்கா வீட்டுப் பச்சைக் கதவு.

கதவுக்கு முன்னால் கீரை வண்டி. அருகில் ஒரு பெண்.

முகத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்ததுபோல் கலைத்திருந்தார்கள். யாராகவும் இருக்கலாம். ஆனால் அந்தப் பெண் ஒரு கீரைக்கட்டை மூக்கருகே தூக்கிப் பிடித்திருந்தாள். அரைக்கீரையோ சிறுகீரையோ, முகர்ந்து பார்க்காமல் அக்கா வாங்கியதே இல்லை.

முடி நன்றாக நரைத்திருந்தது.

என்றைக்கோ ஒரு காலையில் எடுத்த படம்; அங்கே எப்போதும் காலைதான். வண்டிக்காரர் காத்துக்கொண்டே இருந்தார். அக்கா முகர்ந்துகொண்டே இருந்தாள். தினமும் மதியம் இவள் அந்த வெயிலுக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

இரண்டு தெரு தள்ளி ஒரே ஒரு லாட்ஜ். ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம். தண்ணீர் வராது என்று ஒருவர் எழுதியிருந்தார். கொசுகூட மறுநாளே காலி செய்துவிடும் என்று இன்னொரு குறும்புக்காரர்.

அதைத்தான் பதிவு செய்தாள்.


போய் இறங்கிய காலையில், பெட்டியைக் கட்டிலோரமாக நிறுத்தினாள். திறக்கவில்லை.

"சீப்பையாவது எடுட்டி."

"அப்புறம் எடுத்துக்கிடலாம்."

தணிகாசலம் பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். விரலாலேயே தலையை வாரிக்கொண்டார்.

அக்கா வீட்டுத் தெருவுக்குள் தனியாக நடந்தாள். முருங்கை மரத்தைக் காணோம். வெட்டியிருந்தார்கள். இஸ்திரி வண்டி இருந்தது. பச்சைக் கதவு நீலமாகியிருந்தது. அக்கா வீடு மாறிப் போயிருந்தால்?

படத்தில் தினமும் நின்ற இடத்திலேயே போய் நின்றாள்.

கீரை வண்டி வந்தது.

கதவு திறந்தது.

அக்காதான். ஒரு கட்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். கை பாதியில் நின்றது.

இந்தத் தடவை முகம் இருந்தது.

இவள் தலை குனிந்துகொண்டாள். திட்டு வரட்டும் என்று காத்திருந்தாள்.

வரவில்லை.

நிமிர்ந்தாள். அக்கா அவளுடைய பெட்டியில்லாத வெறுங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு லாட்ஜ் இருக்கும் பக்கம் பார்த்தாள். கண் சிவந்துவிட்டது.

வண்டிக்காரரிடம் திரும்பினாள்.

"இன்னும் ரெண்டு கட்டு போடுங்க. வீட்டுக்கு ஆள் வந்திருக்கு."

எடுத்துக் கொடுத்தார்.

அக்கா அவற்றை முகர்ந்து பார்க்கவில்லை.