வளவளாவின் பாதி வாக்கியம்

சி என்ற கணினி மொழியில் எழுதப்பட்ட ஒரு பிழைதேடி இருந்தது. மற்ற நிரல்களைப் பாதியில் நிறுத்தி, எங்கே கோளாறு என்று பார்ப்பது அதன் வேலை. வெளியிலிருந்து வரும் கட்டளைகளை அதற்கு எடுத்துச் சொல்ல ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். நாற்காலியும் ஒன்றுதான், பேசும் குழாயும் ஒன்றுதான். வெகுகாலமாக அங்கே வளவளா என்ற மொழிபெயர்ப்பாளர்தான் உட்கார்ந்திருந்தது.

ஒருநாள் ஒரு நிரல் பாதியில் நின்றுகொண்டிருந்தபோது, "புது மொழிபெயர்ப்பாளர் கறாருக்கு இடம் கொடு" என்று கட்டளை வந்தது.

வளவளா குழாயில், "இனி உங்களோடு பேசப்போவது..." என்று ஆரம்பித்து, அப்படியே விட்டுவிட்டு எழுந்துகொண்டது.

கறார் உட்கார்ந்து பேசிப் பார்த்தது. குழாயில் அந்தப் பாதி வாக்கியம் அடைத்துக்கொண்டிருந்ததால் சத்தமே வெளியே போகவில்லை.

புது ஆள் பேசாவிட்டால் பழைய ஆள் திரும்ப வந்துவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். "எனக்கு அப்பவே தெரியும்," என்றபடி வளவளா வந்து உட்கார்ந்தது.

எழுந்து இடம்விட்ட கறார் அங்கிருந்து போகவில்லை. பக்கத்திலேயே நின்றது.

"ஆரம்பிச்சதை முடிங்கண்ணே."

"முடிக்கலைன்னா?"

"நீங்க முடிக்கிற வரைக்கும் நான் இங்கேயேதான் நிப்பேன்."

"யாராவது ஒருத்தர் பேசுங்கப்பா, கால் கடுக்குது," என்றது நின்றிருந்த நிரல்.

வளவளா அதைத் திரும்பிப் பார்த்தது. பிறகு குழாயில் வாயை வைத்து, "...கறார்," என்று சொல்லிவிட்டு எழுந்தது.

கறார் உட்கார்ந்தது.

"நட," என்றது.

நிரல் நடந்தது.