அடிப்பாகம் முக்கியம்

"அடியில இவ்வளவு பெரிய ஓட்டை வெச்சிருக்கீங்களேம்மா! தண்ணி மேல இருந்து மட்டுமா வரும்?"

டிக்கெட் பரிசோதகர் அந்த உறைக்குள் கையை விட்டு, ஓட்டை வழியாக இரண்டு விரல்களை நீட்டி ஆட்டிக் காட்டினார். மழையிலும் குளிரிலும் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் கால் நனையாமல், விறைக்காமல் இருக்க ஷூவுக்கு மேலே மாட்டிக்கொள்ளும் கவர் அது.

"பெடல்ல ஷூவைப் பூட்டுறதுக்குத்தான் சார் அந்த ஓட்டை" என்றாள் கடைக்காரப் பெண். "ஓட்டுறவங்க இதைத்தான் தேடி வந்து வாங்குவாங்க."

"எங்களுக்குப் பூட்டெல்லாம் வேணாம். என்ன தம்பி சொல்றீங்க?"

"பூட்டு வீட்டுக்குப் போட்டாப் போதும், அங்கிள்" என்றான், அவர் தம்பி என்றழைத்த இளைஞன்.

பரிசோதகர் கடகடவென்று சிரித்தார். பக்கத்தில் நின்ற அவர் மகளுக்கு முகமெல்லாம் பல். தம்பி மட்டும் விலைச் சீட்டைப் படிப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தம்பி ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான். முதன்முதலாகப் பெண் வீட்டுக்குப் போன அன்று, கூடத்தில் பளபளவென்று நின்ற சைக்கிளைத் தடவி, "சைக்கிள்னா எனக்கு உயிர், அங்கிள்" என்றுவிட்டான். உண்மையில், பின்னால் இரண்டு குட்டிச் சக்கரம் வைத்த சைக்கிளிலேயே விழுந்து எழுந்தவன் அவன். அதற்கப்புறம் அந்தப் பக்கமே தலை வைத்துப் படுத்ததில்லை.

வருங்கால மாமனாரோ, டிக்கெட் இல்லாத ஆளை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன் என்று மார்தட்டுகிறவர். "நம்ம ரெண்டு பேரும் இந்த ஞாயித்துக்கிழமை ஆத்துப் பாலம் வரைக்கும் போய்ட்டு வருவோம். அப்புறம் கல்யாணத்தைப் பத்திப் பேசுவோம்" என்று சொல்லி, கவர் வாங்க அவனையும் இழுத்து வந்திருந்தார். இன்னும் ஒருமுறைகூட அவர் வாயிலிருந்து 'மாப்பிள்ளை' வரவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவு பாடும்.

கடைக்காரப் பெண் வேறொரு கவரை நீட்டினாள். "இது கடல்ல முங்குறவங்க போடுற துணி சார். நனைஞ்சாக்கூடக் கால் சூடா இருக்கும்."

தம்பி கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தையலை மூக்கருகே வைத்துப் பார்த்தான். "தையல் மேல டேப் ஒட்டியிருக்கு அங்கிள். சொட்டுத் தண்ணி ஏறாது." வீடியோவில் பார்த்து மனப்பாடம் செய்தது.

"சபாஷ்! விஷயம் தெரிஞ்ச ஆளு! ஆனா அடி மெல்லிசா இருக்கே."

"இதைப் பாருங்க சார். பந்தயக்காரங்க போடுறது. காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போகலாம்."

"காத்தைக் கிழிச்சு நான் என்னம்மா பண்ணப் போறேன்? அடிப்பாகம் கனமா இருக்கணும். அதுதான் முக்கியம்." பையிலிருந்து தன் பழைய கவரை எடுத்து மேசைமேல் போட்டார். மேல்பக்கம் புதுக்கருக்கு மாறவில்லை. அடிப்பக்கம் தேய்ந்து நார் நாராகத் தொங்கியது.

கடைக்காரப் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எவ்வளவு தூரம் சார் ஓட்டுவீங்க?"

"எங்கப்பாவா?" மகள் முந்திக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை விடியக்காலையில கிளம்பினா மத்தியானம்தான் திரும்புவாரு! வந்ததும் கால் ரெண்டையும் வெந்நீர்ல வெச்சுடுவாரு."

கடைக்காரப் பெண் ஏதோ கேட்க வாயெடுத்தாள். பிறகு, நமக்கெதற்கு வம்பு என்று மூடிக்கொண்டாள்.

கடைசியில் டயர் மாதிரி தடித்த ரப்பர் அடி வைத்த கவர் ஒன்று அவர் மனதுக்குப் பிடித்தது. தனக்கொரு ஜோடி, தம்பிக்கொரு ஜோடி.

"அப்பா, ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டு ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்களேன்!"

சொல்லி வாய் மூடவில்லை, கடைக்காரப் பெண் இரண்டு சைக்கிள்களை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். தம்பி ஓரடி பின்னால் நகர்ந்தான். பரிசோதகர் பலமாக இருமினார்.

"இங்க ஒரே கூட்டமா இருக்கு. முனை வரைக்கும் தள்ளிட்டே போவோம், தம்பி."

தெய்வமே என்று தம்பி கும்பிடாத குறை. ஆனால் முனை திரும்பியதும் தெரு துடைத்து விட்டதுபோல் காலியாகக் கிடந்தது.

"ஏறுங்க தம்பி."

"பெரியவங்க நீங்க முதல்ல, அங்கிள்."

"சின்னப் பிள்ளைங்க போறதைப் பாக்கத்தானே எங்களுக்கு ஆசை. ஏறுங்க."

"ஐயோ, மரியாதைன்னு ஒண்ணு இருக்கே. நீங்க ஏறுங்க."

இருவரும் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி 'நீங்க', 'நீங்க' என்று கையைக் காட்டிக்கொண்டே நின்றார்கள். அந்த வழியாகப் போன நாய் ஒன்று நின்று வேடிக்கை பார்த்தது. அதற்குமேல் தம்பியால் தாங்க முடியவில்லை.

"அங்கிள், என்னை மன்னிச்சிடுங்க. எனக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாது. உங்க பொண்ணு மேல இருக்கிற ஆசையில பொய் சொல்லிட்டேன்."

பரிசோதகர் அவன் முகத்தையே பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி, மகள் பின்னால் வரவில்லையே என்று தெரு முனையை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். வயிறு குலுங்க ஆரம்பித்தது. சிரிப்பில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"அடி கனமா இருக்கணும்னு கடையில நான் ஏன் உயிரை விட்டேன்?" என்று அவன் காதோரம் குனிந்தார். "ஆத்துப் பாலம் வரைக்கும் வாராவாரம் இந்தச் சனியனைத் தள்ளிக்கிட்டேதான் நடக்கிறேன், மாப்பிள்ளை!"