பொறுத்துக்கொள்ளும் மட்டை

அந்தத் தலை வளைந்த கம்பிகளில் நாலைந்தைக் களைக்கொத்து என்று சொல்லித்தான் எழுமலைக்காரர் ஒருவர் தலையில் கட்டியிருந்தாள் பாண்டியம்மாள்.

அவை கோல்ஃப் மட்டைகள் என்று சோணை சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரியும்.

பழங்காநத்தத்தில் இருந்த அவளுடைய பழைய இரும்புக் கடைக்குச் சோணை வந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஐம்பதைத் தாண்டிய மனிதர். கப்பலூரில் ஒரு போல்ட் கம்பெனிக்கு வாட்ச்மேன். காக்கிச் சட்டை, தோளில் துண்டு. மலைமேல் ஏதோ ஒரு பங்களாவைக் காலி செய்தபோது எடைக்கு வந்த தோல் பையை அவர் முன்னால் கவிழ்த்துவிட்டு, சும்மா வேடிக்கை பார்க்க உட்கார்ந்தாள்.

“இந்த ஆட்டத்த விட்டு இருபத்தேழு வருசமாச்சு தாயி. கம்பெனிக்குப் பின்னாடி பொட்டல் கெடக்கு. மறுபடி ஆடிப் பாக்கணும்.”

வாட்ச்மேனுக்கு வந்த ஆசையைப் பார் என்று அவளுக்குச் சிரிப்பு முட்டியது.

அவர் மட்டை பொறுக்கிய விதத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை.

எதைத் தூக்கினாலும் முதலில் துண்டால் அதன் தலையைத் துடைத்தார். உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தார். தண்டை சிமெண்டுத் தரையில் உருட்டி வளைவு பார்த்தார். பிறகு கைப்பிடி அவள் பக்கம் இருக்கும்படி நீட்டினார், என்னவோ ஆடப்போகிறவள் அவள்தான் என்பது போல. அவள் வாங்காமல் விழித்ததும் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு மட்டையைக் கீழே வைத்தார். ஒவ்வொரு தடவையும் இதே கதைதான்.

தகதகவென்று மின்னியவற்றை அவளே எடுத்துக் காட்டினாள். அவற்றின் தலை அரிவாள் போல மெல்லியதாக இருந்தது. நல்ல விலை சொல்லலாம் என்ற கணக்கு அவளுக்கு. அவர் தொடக்கூட இல்லை. அதெல்லாம் கெட்டிக்காரர்களுக்கு என்றார். மயிரிழை தள்ளிப் பட்டாலும் கை விண்ணென்று தெறிக்குமாம், பந்து பாதியிலேயே செத்து விழுமாம்.

கடைசியில் எடுத்தது அந்தக் குவியலிலேயே அவலட்சணமான ஒன்றை. தடித்த தலை, அகலமான அடி, முதுகில் ஒரு குழி. ஏழு என்ற எண் துருவுக்குள் பாதி மறைந்திருந்தது. எடைக்குப் போட்டால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூடக் காணாது.

“இது பொறுத்துக்கிடும் தாயி. ஓரத்துல பட்டாலும் பந்தக் கொண்டுபோய்ச் சேத்துரும்.”

தோல் பையின் ஓரத்து அறையில் ஒரே ஒரு பந்து கிடந்தது, பழுப்பேறிப்போய். அடித்துப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்கிறேன் என்றார். பந்து எழும்பாவிட்டால் இந்த ஆசையையே தலைமுழுகிவிடுவதாகச் சொன்னார். மனுசன் அடித்துவிட வேண்டுமே என்று பாண்டியம்மாளுக்கு அப்போதுதான் கவலை பிடித்தது.

கடைக்குப் பின்னால் கண்மாய். எண்பத்தொன்றாம் வருடக் கோடையில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வெடித்துக் கிடந்தது.

சோணை கரையில் பந்தை வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நின்றவர் நெடுநேரம் அடிக்கவில்லை. கரையின் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

“யாரும் வரலண்ணே. அடிங்க.”

அடித்தார்.

டொக்கென்று ஓரத்தில்தான் பட்டது. அது அவள் காதுக்கே தெரிந்தது. ஆனாலும் பந்து கிளம்பிவிட்டது.

ஆத்தாடி, அது போன போக்கு! கரையோரக் கருவேலங்களைத் தாண்டி, பனைகளையும் தாண்டி, மேலே மேலே போய்க்கொண்டே இருந்தது. பிறந்ததிலிருந்து இரும்பைத் தூக்கிக் கீழே போட்டே பழகியவள் அவள். அதே இரும்பு பட்டு ஒரு பொருள் இப்படி வானத்துக்குப் போகும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. உச்சியில் ஓர் இடத்தில் பந்து நின்றது. சத்தியமாக நின்றது. அப்புறம்தான் மனசில்லாமல் இறங்கியது. அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. சாமி கும்பிடுகிறவளைப் போலக் கை தானாக நெஞ்சுக்குப் போனது.

சோணை மட்டையைப் போட்டது போட்டபடி கரையிலிருந்து இறங்கி ஓடிக்கொண்டிருந்தார்.

தேடவே இல்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்ச் சேர்ந்திருப்பார். நேராகப் பனைகளுக்கு அப்பால் மூன்றாவது கருவேலத்தடியில் போய் நின்று, குனிந்து, விழுந்த இடத்தைக் கையால் தொட்டுப் பார்த்தார். பிறகுதான் பந்தை எடுத்தார். துண்டால் அதைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார். மூச்சு வாங்கியது. கண் கலங்கியிருந்தது.

“எம்புட்டு வருசம் ஆடுனீகண்ணே, இந்தப் போடு போடுறீக?”

“ஆடவா? பன்னெண்டு வருசம் மலையில, ஆடுற தொரைமாருக்கு மட்டைப் பை தூக்குனேன் தாயி. நான் அடிச்சது இதோட ரெண்டு அடி.”

பை தூக்குகிறவன் ஆடக் கூடாதாம். முதல் அடியை யாரோ பார்த்துவிட்டார்களாம். அன்றைக்குச் சாயங்காலமே மலையை விட்டு இறக்கிவிட்டார்கள். அந்தப் பந்து எங்கே விழுந்தது என்று போய்ப் பார்க்கக்கூட விடவில்லையாம்.

பாண்டியம்மாள் கரையில் கிடந்த மட்டையை எடுத்தாள். அதன் தலையை முந்தானையால் துடைத்தாள். கைப்பிடி அவர் பக்கம் இருக்கும்படி நீட்டினாள்.